தளவாயின் முன்னால் ஒரு பித்தளை வட்டம்

மெழுகுப் பொம்மை ஒன்று வாய் திறந்து பேர் சொன்னதால் ஒரு குடும்பத்தோடு ஊரே பேச்சை நிறுத்திக்கொண்டது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கருவேலங்கோட்டையில் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்த குழலி என்கிற குழல்வாய்மொழிக்குச் சிரிப்பு வர வழியே இல்லை. ஏனென்றால், தினமும் காலையில் அந்தப் பொம்மைக்குத் தூசி தட்டி, மீசையை வாரிவிட்டு, அதன் அறைக் கதவைத் திறந்துவிடுகிறவளே அவள்தான்.

குற்றாலம் போகிற சாலையில், சாரல் காலத்துக் கூட்டத்தை நம்பிக் கட்டிய மெழுகு மண்டபம் அது. உள்ளே படைத்தலைவர்கள் மட்டும்தான். குதிரைமேல் ஒரு மங்கோலியர், தொப்பி வைத்த இரண்டு ஐரோப்பியர்கள், யானைப்படைக்காரர் ஒருவர். அவர்களெல்லாம் சும்மா நிற்பார்கள். அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் வழிய வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேசுவது கடைசி அறையில் இருக்கிற தளவாய் மாசானமுத்து மட்டும். கருவேலங்கோட்டையைக் காத்து நின்று வெள்ளைக்காரன் படையிடம் விழுந்த உள்ளூர்த் தளவாய். அவரைப் பற்றிக் கிடைத்த கும்மிப் பாட்டு, கல்வெட்டு, துரைமார்கள் மேலிடத்துக்கு எழுதியது எல்லாவற்றையும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று கணினிக்குள் கொட்டி, அவர் எப்படி யோசித்திருப்பார், எப்படிப் பேசியிருப்பார் என்று அதுவே கணித்துப் பேசும்படி செய்திருந்தது. தரையில் பித்தளைத் தகட்டால் ஒரு வட்டம் பதித்திருக்கும். அதில் ஏறி நின்று கேட்டால், தளவாய் தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்.

ஊர் அவரை நம்பியதற்குக் காரணம் ஒரு கிணறு. மண்டபம் திறந்த புதிதில் யாரோ விளையாட்டாக, கோட்டைக்குள் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். குதிரை லாயத்துக்குப் பின்னால் கிணறு இருந்தது என்றார். போய்த் தோண்டினால் கிணறு இருந்தது. பாட்டில் பாதி, துரை எழுதியதில் பாதி, இரண்டையும் ஒட்டவைத்துக் கண்டுபிடித்த ஊகம்தான் அது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றையிலிருந்து தளவாய் சொன்னால் சொன்னதுதான்.

எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கருவேலங்கோட்டை பீரங்கிக்கு விழவில்லை. விடியுமுன் யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டார்கள். யார் அது? போன வருஷம்வரை தளவாய், “அறியேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தார். இந்தச் சாரல் தொடங்கியதும் பேச்சு மாறியது. முதலில் வாசல், வாசல் என்று இழுத்தார். பிறகு வாசலில் நின்றவர்கள் என்றார். ஆனி முடிவதற்குள் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

“வாசலைக் காத்தவன் கையாலேயே வாசல் திறந்தது.”

வாசலைக் காத்தவர்களின் வழிவந்தவர்கள் குழலி குடும்பம். ஊரில் அதற்குப் பேரே வாசல்காரர் வீடு. ஆடி அமாவாசை மாலை, இடிந்து கிடக்கிற கோட்டை வாசலில் முதல் விளக்கை அந்த வீட்டு ஆண்பிள்ளைதான் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகள். குழலியின் அப்பா இருந்தவரை அவர் வைத்தார். வைத்துவிட்டுக் குனிந்து மண்ணைத் தொட்டு, மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி, “பொறுத்துக்கோ” என்பார். பக்கத்தில் எண்ணெய்த் தூக்கோடு நிற்கிற குழலிக்கு மட்டும் கேட்கும். யாரிடம் சொல்கிறீர்கள், எதற்குச் சொல்கிறீர்கள் என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். கன்னத்தில் விழுந்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

அப்பா போய்விட்டார். இந்த வருஷம் தம்பி முப்புடாதியின் முறை. ஆட்டோக்களுக்குச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி மாற்றிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். இப்போது கருவேலங்கோட்டை ஆட்டோக்காரர்கள் பேட்டரிக்குத் தென்காசிக்குப் போகிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அவன் மண்டபத்துக்கே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“யக்கா, ஆவுடையப்பன் அண்ணாச்சி கூட்டம் போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம ஊர்க் கமிட்டி மொத்தமும் இங்க வருது. ஊர் முன்னால தளவாய்ட்ட கேக்கப் போறாவளாம். நம்ம பேரச் சொன்னா வெளக்கு நமக்குக் கெடையாது.”

“பொறகு யாருக்காம்?”

“வேற யாருக்கு, கொட்டாரத்து வீட்டுக்குத்தான். அவரு வீட்டுக்கே.” அவன் தரையைப் பார்த்தான். “வெளக்கு போனா போவுதுன்னு விட்டுறலாம்க்கா. அதுக்கப்புறம் இந்த ஊர்ல நம்மள என்னன்னு கூப்பிடுவானுவ? காட்டிக்கொடுத்தவன் வீடும்பான். எம்புள்ளைய பள்ளிக்கூடத்துல கூப்பிட ஆரம்பிச்சாச்சு.”

ஆவுடையப்பன் முன்னோர்கள் கோட்டையின் கொட்டாரத்தை, அதாவது நெல் களஞ்சியத்தைக் காத்தவர்கள். இரண்டாவது விளக்கு அவர்களுடையது. இன்று அரிசி ஆலை, கல்யாண மண்டபம், கமிட்டித் தலைவர் பதவி எல்லாம் இருந்தும் விளக்கில் மட்டும் இரண்டாம் இடம். இவர்தான் பொம்மையை இப்படிப் பேசவைக்கிறார் என்ற சந்தேகம் குழலி மனதில் அப்போதே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

முதலில் அவள் பூட்டை மாற்றினாள். பிறகு மண்டபத்துக் காமிரா பதிவுகளை உட்கார்ந்து பார்த்தாள். பொம்மைக்குப் பின்னால் எவனாவது போகிறானா, கையில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒருவனும் போகவில்லை. அப்படியானால் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். மண்டபத்து முதலாளிமேல் சந்தேகம் வந்தது, சண்டை வந்ததிலிருந்து கூட்டம் ஏறுகிறதே. துடைக்க வருகிற பெண்மேல் சந்தேகம் வந்தது, அவள் கொட்டாரத்து வீட்டுத் தெருக்காரி. ஒருநாள் தம்பிமேலேயே வந்தது, விளக்கு வைக்கப் பயந்து இவனே ஏதாவது செய்தானோ என்று. சந்தேகம் அப்படித்தான், ஒரு வீட்டு விருந்தோடு நிற்காது.

வெள்ளிக்கிழமை செங்கோட்டை சாலையில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் ஆவுடையப்பன் ஜீப் நின்றது. உள்ளே அவருக்கு எதிரே உட்கார்ந்து சால்னா ஊற்றிக்கொண்டிருந்தவள் ஃபர்சானா. தளவாயைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி வைத்திருந்த இஞ்சினியர், கடையநல்லூர்ப் பெண். குழலியை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். போகிற வழியில் குழலி பார்த்துவிட்டாள்.

மறுநாள் ஃபர்சானா வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“அண்ணாச்சி ஒனக்குப் பரோட்டா மட்டும்தான் வாங்கிக் கொடுத்தாரா?”

ஃபர்சானா பையைக் கீழே வைத்தாள். “பாத்துட்டீங்களா. அவருக்கு ஒங்க மேல சந்தேகம்க்கா. ஞாயித்துக்கெழமைக்குள்ள நீங்க பொம்மைய மாத்திப் பேச வெச்சிருவீங்கன்னு பயப்படுதாரு. மாத்த விடாதன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான்.”

“இப்ப வரைக்கும் மாத்தினது யாரு?”

“யாரும் மாத்தலக்கா. அதுக்குள்ள இதச் சொல்லு, அதச் சொல்லுன்னு எழுதி வைக்கதே கெடையாது. நீங்க நெனைக்க மாதிரி அது உண்மையத் தேடவும் இல்ல. அதோட வேல ஒண்ணுதான். முன்னால நிக்க ஆள நகர விடாம நிக்க வைக்கணும். அதுக்குத்தான் கண்ணாடிக் கண்ணுக்குள்ள காமிரா. ஒரு வார்த்தைக்கு ஒங்க மொகம் சுருங்குச்சுன்னா, மூச்சு ஒரு நிமிசம் நின்னுச்சுன்னா, இதுல இவங்களுக்கு என்னமோ இருக்குன்னு புடிச்சுக்கிடும். அடுத்த வாட்டி அந்தப் பக்கமாவே பேச்சக் கொண்டுபோவும்.” அவள் தயங்கினாள். “சந்தோசமான பேச்சுக்கு ஆளுங்க சிரிச்சுட்டுப் போயிருதாங்க. பயந்தாத்தான் நிக்காங்க. இத அதுவாத்தான் கத்துக்கிட்டுச்சு.”

“சரி. வாசல்னு சொன்னதும் பயந்த மூஞ்சி யாரோடது? அவனத்தான் நான் தேடுதேன்.”

 ஃபர்சானா கையிலிருந்த பலகைக் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

திரையில் குழலி நின்றாள். காலை வெளிச்சம், பித்தளை வட்டம், வாரிய தலை. தளவாய், “வாசல்” என்கிறார். குழலியின் இமை இறுகுகிறது, உதடு உள்ளே போகிறது. அடுத்த நாள் காலை. வேறு சேலை, அதே முகம். அதற்கடுத்த நாளும் அதே.

தினமும் திறப்பதற்கு முன் யாராவது ஒருவர் வட்டத்தில் நின்று பொம்மையைப் பேசவைத்துப் பழக்க வேண்டும். காலையில் பார்க்கிற முதல் முகம்தான் அன்றைய பேச்சுக்கெல்லாம் அதற்கு அளவு. ஊழியர்கள் முறை போட்டு மாறி மாறி நிற்க வேண்டும் என்று கம்பெனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. குழலி ஒருநாள்கூட வேறு யாரையும் விட்டதில்லை. வாசல்காரர் வீட்டுப் பிள்ளை இருக்கும்போது தளவாய் அறைக் கதவை இன்னொருத்தி திறப்பதா என்ற எண்ணம். அவளே திறந்தாள், அவளே நின்றாள், ஊர் கேட்கிற கேள்வியையே அவளும் கேட்டாள். அப்பாவின் சாவுக்குப் பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் எதற்காகவோ காத்திருந்தாள். அதைத்தான் கண்ணாடிக் கண் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“ஏன்க்கா, அந்த எடம் வந்தா மட்டும் ஒங்களுக்கு இப்படி ஆவுது?”

“தெரியல” என்றாள் குழலி. தெரியும். மேளச் சத்தத்துக்கு நடுவே அப்பா சொன்ன அந்த ஒற்றை வார்த்தை இருபது வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்தது. அவள் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

“இதையெல்லாம் அழிச்சிட்டு, பழையபடி ஆக்க முடியாதா?”

“முடியும். ஆனா இன்னைக்குக் கை வெச்சா நாளைக்கு என்ன சொல்லுவாங்க? வாசல்காரர் வீட்டுப் பொண்ணு உள்ள பூந்து மாத்திட்டாம்பாங்க. கூட நானும் மாட்டிக்கிடுவேன்.”

குழலிக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. இவள் சொல்வது நிஜமா, அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த கதையா? அன்று முழுக்க யோசித்தாள். கடைசியில் ஒன்று மட்டும் முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வட்டத்தில் அவள் நிற்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாரலோடு சாரலாக ஊர் வந்து இறங்கியது. குடையை மடக்க இடமில்லை. ஆவுடையப்பன் வெள்ளை வேட்டி நனையாமல் மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார், பின்னால் அவர் மகன். குழலி சாவியை அவரிடம் நீட்டினாள்.

“என்னம்மா, எங்கிட்ட சாவியக் குடுக்க? உள்ள என்னத்த செஞ்சு வெச்சிருக்க?”

“ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. இன்னைக்கு நான் அதுக்கு முன்னால போயி நிக்கவே இல்ல. நீங்களே தொறங்க.”

அவர் சாவியை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மகனைச் சாவியை வாங்கிப் பூட்டைத் திறக்கச் சொன்னார், கதவைப் பார்க்கச் சொன்னார், பொம்மையின் பீடத்துக்குப் பின்னால் பார்க்கச் சொன்னார். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் சந்தேகம் தீராமல்தான் வட்டத்தில் ஏறினார்.

“தளவாய் அய்யா, கோட்டை வாசலத் தொறந்தது யாரு? ஊருக்குக் கேக்கும்படியாச் சொல்லணும்.”

தளவாயின் தலை மெல்லத் திரும்பியது. மெழுகு முகத்தில் விளக்கொளி வழுக்கியது. நிஜத் தோலில் இருக்கிற மாதிரி நெற்றியில் ஒரு பச்சை நரம்பு.

“வாசல்” என்றார். ஆவுடையப்பன் அசையவில்லை. “வாசல் இரும்பு. மதில் கல். இரண்டும் நின்றன.” கண்கள் அவர் முகத்தைத் துழாவின. “மனிதர்கள் பசித்திருந்தார்கள்.”

ஆவுடையப்பனின் இமை ஒருமுறை துடித்தது. குழலி பார்த்துவிட்டாள்.

“கொட்டாரத்தில் நெல் தீர்ந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார்கள்.” அண்ணாச்சியின் தொண்டை ஏறி இறங்கியது. தளவாயின் குரல் தாழ்ந்தது. “நெல் தீரவில்லை. சாவி வைத்திருந்தவன் தீர்ந்தது என்றான். பசித்தவன் கதவைத் திறப்பான். அவனைப் பசிக்க விட்டவன் யார்?”

 பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அந்த மில்லு எப்படி வந்துச்சுன்னு எங்கப்பா அப்பவே சொல்லுவாரு.” இன்னொருவர் அதற்கு ஆமாம் போட்டார். காலையில் அண்ணாச்சிக்குக் குடை பிடித்து வந்தவர்களே விலகி நின்றார்கள். அவர் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“கேட்டீங்கள்லா” என்றான் முப்புடாதி.  “ஊரே கேட்டுச்சுல்லா. எங்க வீட்டச் சொன்னீங்களே, இப்ப யாரச் சொல்லுதாரு பாருங்க.”

குழலிக்கு உள்ளே குளிர்ந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். விளக்கு தம்பி கைக்கு வரும், பெயர் அடுத்த வீட்டுக்குப் போகும். இந்த மனுஷன்தானே நம்மை நாலு பேர் முன்னால் நிறுத்தினார், நிற்கட்டும் என்று நினைத்தாள்.

ஆனால் ஆவுடையப்பன் வட்டத்தை விட்டு இறங்கவில்லை. இறங்கத் தெரியாதவர் போல நின்றார். இமை இறுகி, உதடு உள்ளே போய், அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். அந்த முகத்தைக் குழலி நேற்று ஒரு திரையில் பார்த்திருந்தாள். அது அவள் முகம்தான்.

“அண்ணாச்சி, எறங்குங்க” என்றாள். அவர் கையைப் பிடித்து இறக்கினாள். பிறகு தம்பியின் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு பீடத்தில் ஏறி, தளவாயின் கண்களைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

“யக்கா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?”

“சும்மா இருல.” அவள் இறங்கி வட்டத்தில் நின்றாள். “தளவாய் அய்யா, வாசலத் தொறந்தது யாரு?”

கட்டிய துணிக்குள் கண்கள் அங்குமிங்கும் உருள்வது தெரிந்தது. 

“அறியேன் தாயே” என்றார் தளவாய். “அன்று இருட்டு. என் முன்னால் நிற்பது யார்?”

குழலி திரும்பினாள். “இதுக்கு ஒண்ணுமே தெரியாது. நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் பேசுது. எது நமக்குப் பயமோ அதத் தோண்டி எடுத்துச் சொல்லுது. ஆனி மாசம் பூரா எங்க வீட்டுப் பேரச் சொன்னது என் மூஞ்சியப் பாத்து. இன்னைக்குக் கொட்டாரத்தச் சொன்னது அண்ணாச்சி மூஞ்சியப் பாத்து. வேணும்னா ஃபர்சானா காட்டுவா.”

“கண்ணக் கட்டுனா உண்மையச் சொல்ல மாட்டேங்குதுன்னுல்லா அர்த்தம்?” என்றார் பின்வரிசைக்காரர். நான்கைந்து தலைகள் அதற்கும் ஆடின. நம்ப மாட்டார்கள் என்று குழலிக்குத் தெரிந்துவிட்டது. ஊரைக் குற்றம் சொல்ல முடியாது, அவளே நேற்று முழுக்க நம்பவில்லை.

“சரி, அவுத்துருதேன்” என்றாள். முடிச்சில் கை வைத்தாள். “நம்பாதவிய ஒவ்வொருத்தரா வந்து இந்த வட்டத்துல நில்லுங்க. உங்க வீட்டப் பத்தி அது என்ன சொல்லுதுன்னு எல்லாரும் சேந்து கேப்போம். நீங்கதான கேட்டீங்க, நீங்க மொதல்ல வாங்க.”

பின்வரிசைக்காரர் கைக்குடையைப் பார்த்தார். அவருக்கு முன்னால் நின்றவர் லேசாக ஒதுங்கினார். ஒருவர் பின்வாங்க, அவர் காலை மிதிக்காமல் இன்னொருவர் பின்வாங்க, பித்தளை வட்டத்தைச் சுற்றி இடம் அகன்றுகொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முப்புடாதியும் அங்கேதான் நின்றான்.

கமிட்டி எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது. முடிவு எடுக்காவிட்டால் பழைய வழக்கம்தான். ஃபர்சானா கோயம்புத்தூருக்குப் பேசி, தளவாயின் பேச்சை நிறுத்தி வைத்தாள். வாசல்காரர் வீட்டு விளக்கு வாசல்காரர் வீட்டிலேயே தங்கியது.

ஆடி அமாவாசை மாலையும் சாரல் விடவில்லை. மேளக்காரர்கள் மேளத்தோல் நனையக் கூடாது என்று மரத்தடியில் ஒதுங்கிவிட்டார்கள். சத்தம் இல்லாமலே ஊர் கோட்டை வாசலுக்கு நடந்தது. முப்புடாதி முதல் விளக்கை வைத்தான், குழலி எண்ணெய் ஊற்றினாள். அவன் குனிந்து மண்ணைத் தொட்டான். அப்பா சாகிறபோது சொல்லிக்கொடுத்திருப்பார் போல, அவன் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வந்தது.

“பொறுத்துக்கோ.”

குழலி தம்பியைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்க்காமல் எழுந்து போனான்.

அடுத்து ஆவுடையப்பன் வந்தார். விளக்கைக் கீழே வைத்தார், பக்கத்தில் ஒரு கைப்பிடி நெல்லை வைத்தார். குனிந்தார். மேளம் அடித்திருந்தால் குழலிக்குக் கேட்டிருக்காது.

“பொறுத்துக்கோ” என்றார் அவர்.

நிமிர்ந்தபோது அவள் கேட்டுவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

மூன்றாவதாக வாள் அடித்துக் கொடுத்த கொல்லர்கள் வீடு. அதற்கடுத்து குதிரைக்காரர் வீடு, அன்று பின்வரிசையில் நின்றவர் அந்த வீட்டுக்காரர்தான். அவர் குனிந்தபோது குழலி நகர்ந்து கொடுக்கவில்லை, எண்ணெய்த் தூக்கோடு பக்கத்திலேயே நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், நெடுநேரம் தயங்கினார், பிறகு வேறு வழியில்லாமல் மண்ணைத் தொட்டு, முடிந்தவரை மெல்ல அதே வார்த்தையைச் சொன்னார். மழை சின்னதாகத் தூறிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டு விளக்கு வைக்கிறவரை குழலி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவளுக்கு எல்லார் குரலும் கேட்டது.